ஆஜர் இல்லாதவர் வீடு

பல்கலைக்கழக விடுதிக் கோழிக்கறிக்கு ஓர் இரங்கற்பா எழுதி உணவறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். வார்டன் கவிதையை ரசிக்கவில்லை. அதனால்தான் எண்பத்து நான்காம் ஆண்டு மழைக்காலத்தில், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தட்டச்சு இயந்திரமுமாக, ஜெலுத்தோங்கில் தவமணி டீச்சர் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றேன்.

பழைய ஓட்டு வீடு. வரிசையில் கடைசி. அதை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. அதற்கப்பால் சேறு, அதற்கும் அப்பால் கடல். கடலுக்கு நடுவே, எங்கள் தீவை அக்கரையோடு சேர்க்கும் புதிய பாலம் பாதிவரை வந்து, மேற்கொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை ஒன்று எல்லோருக்கும் பொதுவாக ஓடும். இங்கே அதை அஞ்சடி என்பார்கள். அஞ்சடியில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு மரப்பலகை மாட்டியிருந்தது. எஸ். கனகசுந்தரம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. அதன் கீழே இன்னொரு வரி இருந்திருக்கிறது. யாரோ அதை உளியால் செதுக்கி எடுத்திருந்தார்கள். நிதானமாக எடுக்கவில்லை. மரத்தில் காயம் மாதிரி இருந்தது.

டீச்சர் கதவைத் திறந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கான்வென்ட் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்ததெல்லாம் இங்கேதான். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. வீட்டில் கணவர் என்று யாரும் இல்லை. கேட்கக் கூடாதென்று எனக்கே தோன்றியது. எனக்குத் தோன்றும் நல்ல விஷயங்கள் குறைவு என்பதால் அதை மதித்தேன்.

"மேல் அறை உங்களுக்கு, தம்பி. எங்கயும் போங்கோ, எப்பவும் வாங்கோ. பொழுதுபடேக்க மட்டும் அஞ்சடியில நிக்க வேண்டாம்."

"ஏன் டீச்சர்?"

"ஆள் நடக்கிற இடம்."

நடைபாதையில் ஆள் நடப்பார்கள் என்பதை இவ்வளவு ரகசியமாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அன்று பொழுது சாயும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

பட்டறை மூடியாயிற்று. மழை விட்டு ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தெரு முனையிலிருந்து அஞ்சடியில் யாரோ நடந்து வந்தார்கள். கனமான பூட்ஸ். அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. ஒரே சீராக வந்து, நம் கதவுக்கு நேரே நின்றது.

கதவு தட்டப்படவில்லை.

மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கூடத்தில் டீச்சர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு தம்ளர் தேத்தண்ணி. ஒன்று அவர் கையருகே. மற்றது எதிர் நாற்காலிக்கு நேரே, ஆறிக்கொண்டிருந்தது. ரப்பர் கருகிய வாடை வந்தது. அதோடு ஈர இலை வாடை. பட்டறையிலிருந்து வருகிறது என்று முடிவு செய்துகொண்டேன். பட்டறையில் ஈர இலைக்கு என்ன வேலை என்று என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

தினமும் அப்படித்தான். சீனப் பெருநாளுக்குப் பட்டறை பூட்டிக் கிடந்த வாரமும் அப்படித்தான். ஒன்று மட்டும் எனக்குப் பழகவே இல்லை. வருகிற சத்தம் உண்டு.

போகிற சத்தம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கமால் வந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். அக்கரையில் பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் காவல் வேலை. அதற்கு முன் ராணுவத்தில் சார்ஜென்ட். சொந்தக்காரர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கடை வைத்திருக்கிறார்களாம். ஒரு பொட்டலம் நாசி கண்டார், சோறும் கறியுமாக, கொண்டு வந்ததால் எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஆனால் உள்ளே வராமல் அந்தப் பெயர்ப்பலகை முன்னால் நின்றார். பெரிய எழுத்தைப் படித்தார். கீழே செதுக்கிய இடத்தை விரலால் தடவினார்.

"இதான்லா," என்றார். "இதான் நடந்திருக்கு."

அன்று கூடத்தில் உட்கார்ந்து இருவரும் பேசியதிலிருந்துதான் எனக்குக் கதை தெரிந்தது.

டீச்சரின் கணவர் தியாகராஜா. கனகசுந்தரத்தின் ஒரே மகன். காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின்போது ராணுவத்தில் வயர்லெஸ் ஆள். கல்யாணமான அடுத்த வருடம், பேராக் காட்டுச் சாலையில், தியாகராஜாவும் கமாலும் போன லோரியை அவர்கள் பதுங்கியிருந்து சுட்டார்கள். லோரி தீப்பிடித்தது.

"எல்லாரும் குதிச்சிட்டோம், தம்பி. இவன் மட்டும் குதிக்கல. எறங்குடான்னு கத்துறேன். இவன் வயர்லெஸ்ஸ கட்டிப்புடிச்சிக்கிட்டு, நாங்க எங்க இருக்கோம்னு திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டே இருக்கான். அவன் கூப்பிட்டதாலதான் ஆளுங்க வந்தாங்க. அதாலதான் நான் இப்ப உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறேன்." கமால் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குக் கால்ல குண்டு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. அவன் செத்தது எனக்குத் தெரியும். அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்."

எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை. குதித்த மற்றவர்கள் வேறு அணி ஆட்கள், வயர்லெஸ்காரன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. எரிந்த உடலை யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. அதில் இந்த வீட்டு முகவரி. முகாமிலிருந்து ஓர் ஆள் வந்து, வாசலில் நின்று, இருபது வயதுப் பெண்ணிடம் கேட்டான்: உன் புருஷன் பெயர் என்ன?

"எப்படிச் சொல்லுறது?" என்றார் டீச்சர். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வியின் அநாகரிகம் அவரை விட்டுப் போகவில்லை. "புருஷன்ர பேரை ஒரு பொம்பிளை வாயால சொல்லுறதோ? மாமாவும் வீட்டில இல்லை. நான் பலகையைக் காட்டினேன். கீழ் வரியைத்தான் காட்டினேன். அந்த ஆள் மேல் வரியை எழுதிக்கொண்டு போயிட்டான்."

அப்படியாக, கனகசுந்தரம் வீரமரணம் அடைந்தார் என்று ஒரு தந்தி வந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கனகசுந்தரம்.

அவர் ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாம் இறக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதாக, பிழையில்லாத ஆங்கிலத்தில் பதில் எழுதினார். ராணுவம் வருத்தம் தெரிவித்து மரணத்தை ரத்து செய்தது. அப்பா உயிரோடு இருப்பது நிரூபணமானதில் மகன் செத்தது அடிபட்டுப் போயிற்று. உடல் பெயரில்லாமல் புதைந்தது. அணிவகுப்பில் தியாகராஜா என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஆஜர் இல்லை என்று எழுதினார்கள். சில வாரங்கள் கழித்து, ஓடிப்போனவன் என்று எழுதினார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் கனகசுந்தரம் உளியை எடுத்தார்.

"நீங்க அவரிட்ட சொல்லலையா டீச்சர்? விரல் காட்டின கதைய?"

"என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை, தம்பி."

பிறகு முப்பத்திரண்டு வருடம் அவர் ஓடிப்போனவன் மனைவி. கோவிலில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. மற்றவர்களின் கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டு இவரைத் தாண்டிப் போனது. மாமனார் செத்தார். சொந்தக்காரர்கள் சிரம்பானுக்கும் லண்டனுக்கும் போனார்கள். டீச்சர் குங்குமத்தை எடுக்கவில்லை, வீட்டையும் விடவில்லை.

இப்போது பழைய வீரர்கள் சங்கத்தில், விடுபட்டவர்களுக்குப் பதக்கம் வாங்க விண்ணப்பம் சேர்த்தபோதுதான், தியாகராஜா பெயருக்கு எதிரே 'ஓடிப்போனவன்' என்று இருப்பதைக் கமால் பார்த்தார்.

"பதக்கம் கிடக்கட்டும் அண்ணை," என்றார் டீச்சர். "அந்தச் சொல்லை எடுத்தால் போதும்."

"எடுக்கலாம் தங்கச்சி. நான் சாட்சி. ஆனா நீங்களும் சத்தியம் பண்ணிக் குடுக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்ள."

தட்டச்சு இயந்திரம் வைத்திருக்கும் முட்டாளை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லைட் ஸ்ட்ரீட்டில், நீதிமன்றத்துக்கு எதிர் மாடியில், சத்தியப் பிரமாண கமிஷனர் பழனியப்பன் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பை நிறைய பேனா. நான் அடித்துக் கொண்டுவந்த தாளை வாசித்து, அதிலிருந்த எழுத்துப்பிழைகளை ரசித்து, டீச்சரைப் பார்த்தார்.

"கணவர் பெயர்?"

டீச்சர் விரலைத் தாளில் வைத்தார்.

"வாயால சொல்லுங்கம்மா."

விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வைக்கப்பட்டது.

"அம்மா, விரலுக்கெல்லாம் சத்தியம் கெடையாது. வாய்தான் சத்தியம் பண்ணணும். நீங்க டீச்சரா இருந்தவங்க, நான் சொல்லணுமா?"

டீச்சரின் உதடுகள் திறந்தன. ஒன்றும் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னால சொல்லேலாது தம்பி. ஆசைதான். வருகுதில்லை."

அன்று மாலை எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளால்தான் விடுதியை விட்டுத் துரத்தப்பட்டேன் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டேன்.

"ஒத்திகை பார்ப்போம் டீச்சர். பெயர்தானே? நான் சார்ஜென்ட். நான் கூப்பிடுறேன், நீங்க கூடச் சொல்லுங்க." சமையலறையிலிருந்து ஓர் அலுமினியச் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அஞ்சடியில் பூட்ஸ் சத்தம் வந்தது. வழக்கம்போல் கதவுக்கு நேரே நின்றது. நான் பேச்சு சுவாரசியத்தில் இருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"தியாகராஜா!"

"அடா."

கதவுக்கு வெளியே. ஆண் குரல். காய்ந்த, தாழ்ந்த குரல்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. முன்பின் தெரியாதவன் என்னை எதற்கு அடா என்கிறான்?

"யாருடா அது, மரியாதை இல்லாம?" சட்டியோடு போய்க் கதவை அகலத் திறந்தேன்.

யாரும் இல்லை. ஈரத் தரை. பட்டறைப் பூட்டு. தெரு விளக்கு அப்போதுதான் கண் சிமிட்டி எரிய ஆரம்பித்தது. கருகிய ரப்பர் வாடை என் முகத்தை உரசிக்கொண்டு போனது. காற்று இல்லை. இருந்தும் போனது.

கதவைச் சாத்தினேன். திரும்பினால், டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பயந்து அழுகிற அழுகை இல்லை அது.

"இத்தனை வருஷமா வந்து வாசலில நிக்கிறார்," என்றார், காற்று மாதிரி. "ஒருநாளும் வாய் திறக்கேல்லை."

அப்போது பூட்ஸ் சத்தம் மறுபடியும் கேட்டது.

இம்முறை உள்ளே.

மூன்று நான்கு அடி. மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றது. குதிகால்கள் இரண்டும் ஒன்றாகச் சேரும் சத்தம். அப்புறம் எதுவும் இல்லை.

என் தலையிலிருந்த சட்டியை எடுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரம் நான் மாடிக்குப் போவதென்றால் படிக்கட்டின் மறுபக்கச் சுவரை ஒட்டி, நண்டு மாதிரி ஏறினேன். அந்த இடத்தில் நின்றிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நேரே பார்த்து நின்றால் நமக்குத் தெரியும் இல்லையா? அப்படித் தெரிந்தது. ஒருநாள் அவசரத்தில் மறந்துபோய் அந்தப் பக்கமாகக் கையை வீசிவிட்டேன். ஈரமான முரட்டுத் துணி விரல்களில் பட்டது.

படகேறி அக்கரைக்குப் போய், தொழிற்சாலை வாசலில் கமாலைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குரல் என்னை அடா என்று மரியாதையில்லாமல் கூப்பிட்டதையும் சேர்த்து.

கமாலின் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி. அது ஒன்னைக் கூப்பிட்டது இல்ல. மலாய்லா. 'அடா'. இருக்கேன்னு அர்த்தம். இப்ப இஸ்கூல்ல என்னமோ 'ஹாடிர்'ங்கிறீங்க. எங்க அணியில அப்ப பேர் கூப்பிட்டா 'அடா'தான்."

கடையில், பஸ்ஸில், தினம் நூறு தடவை காதில் விழும் சொல். தமிழ் வீட்டு வாசலில் கேட்டதால் தமிழாக்கிவிட்டேன்.

"கூப்பிட்டது நீதானே?"

"நான்தான்."

"கலைஞ்சு போகச் சொன்னியா? 'பெர்சுராய்'னு சொல்லணும். பேர் கூப்பிட்டா அது சொல்ற வரைக்கும் நிக்கணும்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"அப்ப நிப்பான்." கமால் தலையை ஆட்டினார். "இறங்கச் சொல்லியே இறங்காதவன். சொல்லாம போவானா?"

"அப்ப நீங்க வந்து சொல்லுங்க, சார்ஜென்ட்."

"ஓடிப்போனவன்னு எழுதி வச்சிருக்கிற ஆள நான் எப்படிலா கலையச் சொல்றது? ஓடிப்போனவன் வரிசையிலயே இல்லையே. மொதல்ல அவன் பேரு சரியாகட்டும். அப்புறம் நான் வர்றேன்."

இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். அவர் தையல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை குளித்து, நல்ல சேலை கட்டி, "வாங்கோ தம்பி, லைட் ஸ்ட்ரீட்டுக்கு" என்றார்.

நல்ல வெயில். பழனியப்பன் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் ஒருவன் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தான். பயப்படுவதற்கு அந்த இடத்தில் எந்த வசதியும் இல்லை.

"கணவர் பெயர்?"

டீச்சர் கைகள் இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டார். விரல் எதையும் சுட்டிவிடாதபடி இறுக்கமாக.

"தியா..." என்றார். நிறுத்தினார். கண்ணை மூடினார். "தியாகராஜா."

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.

"அடா."

பழனியப்பன் நிமிர்ந்தார். விபூதி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. "யாருய்யா அது? யாரு என்னை அடான்னது?" வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற மலாய்க்காரப் பெண் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏதோ கருகுகிறதே என்றாள்.

கமிஷனர் முத்திரையை எடுத்துக் குத்தினார். அவ்வளவு சத்தமாகக் குத்தியிருக்க வேண்டியதில்லை.

சில மாதங்கள் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது. 'ஓடிப்போனவன்' என்பது நீக்கப்பட்டது. 'கடமையில் உயிர் நீத்தார்' என்று சேர்க்கப்பட்டது. தவற்றுக்கு வருந்துகிறார்கள். கனகசுந்தரத்துக்கும் அப்படித்தான் வருந்தினார்கள், நல்ல பழக்கம். கூடவே ஒரு சின்னப் பெட்டியில் பதக்கம். விளிம்பில் அவர் பெயர், ஒரு எழுத்தும் பிசகாமல்.

கடிதம் டீச்சரை விதவை என்று குறிப்பிட்டிருந்தது. அவர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய், குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டார்.

பெயர்ப்பலகையைச் சரிசெய்யும் வேலை எனக்கு. செதுக்கிய இடத்தைத் தேய்த்து, வெள்ளைச் சாயத்தில் கே. தியாகராஜா என்று எழுதினேன். "அப்ப நீங்க?" என்று கேட்டு, அதற்குக் கீழே தவமணி என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது. கை சும்மா இருக்காமல், ஆகக் கீழே, சின்ன எழுத்தில் லாரன்ஸ் என்று என் பெயரையும் எழுதி வைத்தேன். டீச்சர் பார்த்துச் சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

அன்று மாலையே கமால் வந்தார். பழைய பெரே தொப்பி, நெஞ்சில் அவருடைய பதக்கங்கள். காலை இழுக்காமல் நடக்க முயன்றார். கூடத்தின் நடுவில், மாடிப்படியைப் பார்த்து விறைப்பாக நின்றார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். வாடை கனத்தது.

கமால் மூச்சை இழுத்தார்.

"வேண்டாம் அண்ணை."

டீச்சர்தான். மேசைக்குப் பக்கத்தில், இரண்டு தம்ளருக்கும் நடுவில் நின்றிருந்தார்.

"தங்கச்சி?"

"பேரைத் திருத்தித் தரச் சொல்லித்தான் கேட்டனான். ஆளை அனுப்பச் சொல்லிக் கேக்கேல்லை."

கமால் தொப்பியைக் கழற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "களைச்சுப் போயிருப்பான், தங்கச்சி. முப்பத்திரண்டு வருஷமா நிக்கிறான்."

"நானும்தானே அண்ணை."

கமால் மாடிப்படியைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். எதிர்ப்புறம் துணி உரசும் சத்தம் கேட்டது. அவர் கையை இறக்கிய பிறகுதான் அது மறுபடியும் கேட்டது. கமால் வெளியே போனார். அப்புறம் அந்த வீட்டுக்கு அவர் வரவே இல்லை.

நான் படிப்பு முடியும்வரை அங்கேதான் இருந்தேன். ஏன் ஓடவில்லை என்று கேட்பீர்கள். ஓடிப்போனவன் என்று ஒரு வீட்டில் ஒரு தடவை சொன்னால் போதாதா?

டீச்சருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பொழுது சாய்ந்ததும், வகுப்பில் பெயர் கூப்பிடுவது போல, கூடத்தில் உட்கார்ந்தபடி கூப்பிடுவார்.

"தியாகராஜா."

"அடா."

"லாரன்ஸ்."

"ஓம் டீச்சர்!" என்று மாடியிலிருந்து நான் அவர் பேச்சிலேயே கத்துவேன். அவர் சிரிப்பார். வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை இப்படி எண்ணிக்கொள்ள எத்தனை வருடம் காத்திருந்தாரோ. பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளுக்கு நான் போனதே இல்லை; நண்பன் ஸ்ரீஸ்கந்தராஜா என் குரலிலேயே 'ஹாடிர்' சொல்லிவிடுவான், அச்சு அசலாக. நான் நேர்மையாக ஆஜர் கொடுத்த ஒரே இடம் அந்த வீடு. இதை ஒருநாள் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். டீச்சர் தலையில் குட்டினார். மாடிப்படிப் பக்கம் மிக மெல்ல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

பிறகு கோலாலம்பூரில் விளம்பர நிறுவனத்தில் வேலை. சோப்புகளுக்குப் பொய் எழுதினேன். முதலில் கடிதம் போட்டேன், பிறகு வாழ்த்து அட்டை, பிறகு அதுவும் இல்லை. தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் சிரம்பானிலிருந்து டீச்சரின் தங்கை மகள் கனகேஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டாள். பெரியம்மா இறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது, வீட்டை விற்கப் போகிறோம், உங்கள் தட்டச்சு இயந்திரம் மாடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்றாள். சார்ஜென்ட் கமால் அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார்.

புதிய பாலத்தின் மேல் பஸ்ஸில் போனேன். பட்டறைக்காரரிடம் சாவி இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. நான்கு வரிகளும்.

வீட்டில் மின்சாரம் வெட்டியிருந்தார்கள். மேசை, நாற்காலி எதுவும் இல்லை. வெறும் கூடம். மாடிப்படியின் மறுபக்கச் சுவரை ஒட்டியே ஏறினேன். கால்களுக்கு ஞாபகம் இருந்தது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாதிப் படியில் நின்றேன்.

தேத்தண்ணி வாடை.

நாற்காலி இல்லாத இடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"தியாகராஜா."

அந்தக் குரல். அந்தப் பெயரைச் சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட குரல்.

"அடா."

பிறகு ஓர் இடைவெளி. டீச்சர்கள் அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தும் இடைவெளி.

"லாரன்ஸ்."

வாயை இறுக மூடிக்கொண்டேன். பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கலையச் சொல்ல இனி யாரும் இல்லை.

"லாரன்ஸ்?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும். இயந்திரத்தை மெதுவாகப் படியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"லாரன்ஸ்..."

கருகிய ரப்பர் வாடை என் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. ஈர இலை. முரட்டுத் துணி என் தோளில் உரசியது. நல்ல நண்பன் மாதிரி, எனக்கு உதவுகிறவன் மாதிரி, என் காதுக்குப் பக்கத்திலிருந்து அவர் பதில் சொன்னார்.

"அடா."

அது அவருடைய குரல் இல்லை.

என் குரல். அச்சு அசலாக.

எப்படி வெளியே வந்தேன், எப்படிப் பஸ் பிடித்தேன் என்பது எனக்கு நினைவில்லை. இயந்திரத்தைப் படியிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கனகேஸ்வரி மறுபடியும் கூப்பிட்டாள். கொஞ்சம் கோபமாக இருந்தாள்.

"என்ன ஆளுங்க நீங்க? நேத்து சாயங்காலம் வீடு வாங்குறவங்கள கூட்டிட்டுப் போயிருந்தேன். உள்ள தட்டச்சு அடிக்கிற சத்தம் கேக்குது. நீங்கதான் சாமான் எடுக்க வந்திருக்கீங்கன்னு, வாசல்ல நின்னு லாரன்ஸ், லாரன்ஸ்னு கூப்பிடுறேன். உள்ளேருந்து நல்லா பதில் சொல்றீங்க. கதவ மட்டும் தொறக்க மாட்டேங்கிறீங்க. அதுவும் என்ன, என்னையப் போய் அடாங்கிறீங்க? மரியாதை வேணாமா?"

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன சொல்ல?

நேற்று சாயங்காலம் நான் கோலாலம்பூரில் இருந்தேன்.